எதில் பத்தில் ஒன்று?

கம்பம் பக்கத்து அனுமந்தன்பட்டியில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நிற்கும் விவசாயியிடம், சபைக்குத் தரவேண்டிய தசமபாகம் பற்றிப் பேசினால், கணக்குத் தெரிந்தவர் கேட்கக்கூடிய முதல் கேள்வி இது: எதில் பத்தில் ஒன்று? பழம் விற்ற மொத்தக் காசிலா, மருந்துக்கடை பாக்கியும் வியாபாரியிடம் வாங்கிய முன்பணமும் போன மிச்சத்திலா? கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதம் செலவுதான். அறுக்கிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் பழம் வெடித்துவிடும். அப்புறம் மிச்சம் ஏது?

அங்கே விளையும் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவரே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், 1832-ல் என்று சொல்வதுண்டு. ஆக, இந்தப் பக்கம் பாதிரியார்கள் வாங்கியது மட்டுமில்லை, கொடுத்ததும் உண்டு.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 222-ஆம் விதி, ஆலயத்தின் தேவைக்கு உதவுவது கடமை என்கிறது, விகிதம் சொல்லவில்லை. பத்தில் ஒன்றைக் கறாராகக் கேட்பவை பல பெந்தெகொஸ்தே சபைகள். அந்தக் கறாரில் ஒரு நன்மையும் இருக்கிறது. கூலி கைக்கு வந்ததும் ஒரு பங்கை எடுத்துவைக்கப் பழகிய வீட்டில், மீதிப் பணத்துக்கும் தானாகவே ஒரு கணக்கு வந்துவிடுகிறது.

கோளாறு வேறு இடத்தில். பிரசங்கங்களில், தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா மூன்றாம் அதிகாரம் திரும்பத் திரும்ப வருகிறது. உபாகமம் பதினான்கு அவ்வளவாக வருவதில்லை. மூன்றாம் வருடத்துப் பத்தில் ஒன்று லேவியருக்கு மட்டுமல்ல, அந்நியருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது என்பது அங்கேதான் இருக்கிறது. அடுத்த அதிகாரமே ஏழாம் வருடக் கடன் விடுதலை. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி கூடாது என்று யாத்திராகமமும் சொல்கிறது. வசூல் விதியை மட்டும் வைத்துக்கொண்டு தள்ளுபடி விதியை விட்டுவிட்டால் அது பாதி வேதம்தான்.

இதைவிட நிதானமான வழக்கம் ஒன்று உண்டு: பிடி அரிசி. உலை வைக்குமுன் ஒரு கைப்பிடியைச் சபைக்கென்று தனிப் பானையில் போடுவது. மிசோரம் பெண்கள் 1910-ல் தொடங்கியது இன்றும் நடக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வே. ச. அசரியாவின் தோர்ணக்கல் சபையிலும் ஏழைப் பெண்கள் இப்படித்தான் கொடுத்தார்கள். மொத்தமா, நிகரமா என்ற குழப்பமே இதில் இல்லை. உலைக்கு அரிசி இருந்தால் பிடி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் அந்தப் பிடி யார் தட்டிலிருந்து குறைகிறது? பல வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவள் தட்டிலிருந்து. இந்த வழக்கத்தைப் புகழ்கிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

‘உள்ளதே போதும்’ என்ற உபதேசத்துக்கும் இதே சிக்கல்தான்: யார் தட்டு குறைகிறது என்று அது கேட்பதில்லை. பவுல் அதைத் தன் நிலையைப் பற்றி, சிறையிலிருந்து எழுதினார். கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டுக்குச் சொன்ன புத்திமதி அல்ல அது. அதேபோல, காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதைக்கு முந்தைய வசனத்தில், விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கண்டிக்கிறார். மாற்கு பன்னிரண்டைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

காணிக்கை உறை கொடுக்கும்போதே, அந்த வீடு மாதம் எவ்வளவு வட்டி கட்டுகிறது என்றும் சபை விசாரிக்கட்டும். அளவுக்கு மீறிய வட்டிக்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது என்பதைப் பிரசங்கத்தில் ஒருமுறையாவது சொல்லலாம்.