பிளேஸ்டேஷன் 5: எல்லையோர வீடுகளில் அதன் விலையும் மதிப்பும்

வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைத்து வீடியோ கேம் ஆடுவதற்கென்றே வடிவமைக்கப்படும் கணினியைக் கன்சோல் என்பர். இந்தியச் சந்தையில் முறையாகக் கிடைக்கும் கன்சோல்களுள் முதன்மையானது சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 5. அதன் மெலிந்த வடிவமான ‘ஸ்லிம்’, அதிலும் டிஸ்க் போட்டு ஆடும் வசதியுள்ள பதிப்பு, இங்கே மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பெட்டியில் அச்சிட்ட விலையோடு செலவு முடிவதில்லை என்பது எவ்வூருக்கும் பொருந்தும். எனினும் கேரள-தமிழக எல்லையில், பாலக்காட்டின் கிழக்கு விளிம்பிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் முதலிய ஊர்களிலும், இடுக்கியின் மூணாறு, மறையூர், பூப்பாறை, குமுளி முதலிய மலையூர்களிலும் எஞ்சிய செலவை நிர்ணயிப்பவை இணைய வேகம், மின்தடை, இடி, வெயில், பழுதுபார்க்கும் இடத்தின் தொலைவு ஆகியனவாதலால், பெருநகர வாசகருக்காக எழுதப்படும் மதிப்புரைகளின் முடிவை அப்படியே எடுத்துவந்து இங்கு வைக்க இயலாது.

இந்தக் கன்சோல் 2021 பிப்ரவரி 2 அன்று இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது டிஸ்க் பதிப்பின் விலை 49,990 ரூபாயாகவும், டிஸ்க் வசதியற்ற டிஜிட்டல் பதிப்பின் விலை 39,990 ரூபாயாகவும் இருந்தன. 2022 நவம்பரில் இரண்டும் ஐயாயிரம் ரூபாய் உயர்ந்தன. 2024 ஏப்ரலில் ஸ்லிம் வடிவம் வந்தபோதும் 54,990, 44,990 என்ற அதே விலைகள் நீடித்தன. கன்சோல்களின் பழைய வழக்கம் இதற்கு நேர்மாறானது: 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009இல் 99 டாலராக இறங்கியது. பிளேஸ்டேஷன் 5 அங்கேயே 2025 ஆகஸ்டில், வெளிவந்து ஐந்தாண்டு நெருங்கும் வேளையில், 50 டாலர் ஏறியது. ‘கொஞ்ச நாள் பொறுத்தால் விலை இறங்கும்’ என்று கடைக்காரர் முதல் பக்கத்து வீட்டார் வரை சொல்லும் அறிவுரை ஆகவே காலாவதியாகிவிட்டது. இறங்குவது சலுகைக் காலங்களில் மட்டுமே. 2023 ஜூலை இறுதியில் 7,500 ரூபாய் குறைத்து டிஸ்க் பதிப்பை 47,490 ரூபாய்க்குச் சில வாரங்கள் விற்றது அதற்குச் சான்று. எல்லையோரக் குடும்பங்களுக்கு ஓணம், தீபாவளி என இரண்டு பண்டிகைச் சந்தைகள் வாய்த்திருப்பது இவ்விடத்தில் உண்மையான அனுகூலம்.

எல்லை தாண்டிக் கோயம்புத்தூரிலோ போடி, தேனியிலோ வாங்கினால் மலிவு என்ற எண்ணமும் பழைய வரிமுறையின் எச்சமே. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேறுபட்ட காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜிஎஸ்டி, வந்தபின் வாளையார் எல்லைச்சாவடிக்கு இப்புறமும் அப்புறமும் வரி ஒன்றே. கன்சோலுக்கான வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக 2019 ஜனவரியில் குறைக்கப்பட்டு இரு மாநிலங்களுக்கும் ஒன்றுபோலவே உள்ளது. கடைகளின் தள்ளுபடியிலும் தவணை வசதியிலும் மட்டுமே வேறுபாடு காணலாம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளின் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது, இந்தக் கன்சோலின் 4கே படத்தெளிவைப் பயன்படுத்தப் புதிய தொலைக்காட்சியும் வாங்க நேர்வோருக்குக் கன்சோல் விலையைக் காட்டிலும் முக்கியமான செய்தியாகும்.

ரூபாய்க் கணக்கு ஒருவருக்கு ஒருவர் வேறு எடை கொள்வது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியை 450 ரூபாய் என வைத்துக் கணக்கிட்டால், ஸ்லிம் டிஸ்க் பதிப்பின் 2024ஆம் ஆண்டு விலையான 54,990 ரூபாய் என்பது 122 நாள் உழைப்பு. ஏலக்காய் கிலோ 2,500 ரூபாய் என்று வைத்தால், புற்றடியிலோ போடியிலோ ஏலத்துக்குப் போகும் 22 கிலோ காய். முதற்கணக்கில் இது எட்டாப் பொருளாகவும், இரண்டாம் கணக்கில் ஒரு நல்ல பறிப்புக்குப்பின் யோசிக்கத்தக்க பொருளாகவும் தோன்றும். மதிப்புரை எழுதுவோர் ‘விலைக்கேற்ற பொருள்’ என்று பொத்தாம்பொதுவாகத் தீர்ப்புச் சொல்லும்போது எந்தக் கணக்கை மனத்தில் வைத்துள்ளனர் என்பதைச் சொல்வதில்லை.

கருவியைப் பொறுத்தவரை குறை சொல்ல இடம் குறைவு. முதல் வடிவம் 4.5 கிலோ எடை கொண்டிருக்க, ஸ்லிம் டிஸ்க் பதிப்பு 3.2 கிலோதான், தொலைக்காட்சி மேசையின் தட்டில் படுக்கவைத்தால் அடங்கிவிடுகிறது. ஆனால் நிமிர்த்தி வைக்கும் தாங்கியைத் தனியே காசு கொடுத்து வாங்கவேண்டும் என்பது அற்பத்தனம். சுழலும் தகடில்லாமல் சில்லுகளிலேயே தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி இதன் உயிர்நாடி: முந்தைய தலைமுறையில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கதை தாவும்போது திரையை வெறித்துக்கொண்டு காத்திருந்த நேரம் இங்கே பெரும்பாலும் மறைந்துவிட்டது. கையில் பிடிக்கும் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரின் விசைகள் ஆட்டத்துக்கேற்ப இறுகித் தளர்வன. ‘கிரான் டூரிஸ்மோ 7’ என்னும் கார்ப் பந்தயத்தில் பிரேக்கை அழுத்துகையில் இடது விசை விரலை எதிர்த்துத் தள்ளுவதும், சக்கரம் வழுக்கும் கணத்தில் அதே விசை படபடவென்று துடிப்பதும், மூணாறிலிருந்து போடிமெட்டு வழியாக இறங்கிப் பழகிய ஓட்டுநருக்குக்கூடச் சிரிப்பை வரவழைக்கும் துல்லியத்தோடு அமைந்துள்ளன. இந்தக் கன்ட்ரோலர் ஒன்றின் விலை 5,990 ரூபாய் என அறிமுகமானது. இருவர் ஆட இன்னொன்று வாங்கியாக வேண்டும்.

செலவின் பெரும்பகுதி கேம்களில்தான் இருக்கிறது. சோனியே வெளியிடும் பெரிய கேம் ஒன்று புதிதாக 4,999 ரூபாய் என்பது இந்தத் தலைமுறையில் நிலைபெற்ற விலை. ஆண்டுக்கு மூன்று என்ற மிதமான கணக்கில் ஐந்தாண்டுக்குப் பதினைந்து கேம்கள் வாங்கினால் 74,985 ரூபாய் ஆகிறது. கன்சோலின் விலையை அது எப்போதோ தாண்டிவிட்டது. டிஸ்க் பதிப்புக்கும் டிஜிட்டல் பதிப்புக்கும் 2024இல் இருந்த பத்தாயிரம் ரூபாய் வேறுபாட்டை இந்தத் தொகையோடு ஒப்பிட்டே பார்க்கவேண்டும். ஆடி முடித்த டிஸ்க்கை விற்றோ மாற்றியோ விடலாம். 4,999 ரூபாய்க்கு வாங்கி 2,500 ரூபாய்க்குக் கைமாற்ற முடிந்தாலே, நான்காவது கேமில் அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடுகிறது. அதோடு பிளேஸ்டேஷன் 4க்கு வந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கேம்களில் ஏறக்குறைய அனைத்தும் இதில் ஓடுவதால், கோயம்புத்தூர், கொச்சிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பழைய டிஸ்க்குகள் எல்லாம் இதன் நூலகமாகிவிடுகின்றன. டிஜிட்டல் கடையிலும் பழைய கேம்களுக்குப் பெரிய தள்ளுபடி அடிக்கடி வருவது மெய். ஆனால் அங்கு வாங்கியதை யாருக்கும் விற்கவோ தம்பிக்கு இரவல் கொடுக்கவோ வழியில்லை.

இணையத்தின் வேகம் இந்த வேறுபாட்டை மேலும் கூர்மையாக்குகிறது. இக்காலப் பெரிய கேம் ஒன்றின் அளவு 100 ஜிபியை ஒட்டியும் தாண்டியும் நிற்கிறது. இணையத்தின் வேகம் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று அளக்கப்படும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆதலால், 20 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபி இறங்க, ஒரு தடங்கலும் இல்லாதிருந்தால், பதினொரு மணி நேரம் பிடிக்கும். 10 எம்பிபிஎஸ் எனில் இருபத்திரண்டு மணி நேரம். கேரள அரசின் கே-ஃபோன் எனப்படும் கண்ணாடியிழை இணையத் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்டபோது அறிவிக்கப்பட்ட அடிப்படைத் திட்டம், மாதம் 299 ரூபாய்க்கு, இந்த 20 எம்பிபிஎஸ் வேகத்தையே தந்தது. உள்ளூர்க் கேபிள்காரர் வழியாக வரும் இணைப்புகளில் இதைவிடக் கூடுதல் வேகம் கிடைக்கலாம். ஆனால் எஸ்டேட் லயங்கள் வரை அந்த இழை எட்டியிருந்தால்தான் அது பேச்சுக்குரியது. செல்பேசியின் நாளொன்றுக்கு 2 ஜிபி திட்டத்தை நம்பினால் ஒரே கேமுக்கு ஐம்பது நாள் தரவு வேண்டும், அதுவும் வீட்டில் வேறொருவரும் வீடியோ பார்க்காதிருந்தால்! டிஸ்க்கிலிருந்து அதே கேமைக் கன்சோலுக்குள் நகலெடுக்கப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் போதும். திருத்தங்களுக்கான கோப்புகள் பின்னர் இறங்கவேண்டியிருப்பினும் அவை சில ஜிபி அளவிலேயே தொடங்குபவை.

இதே காரணத்தால், விலையில் மலிவான எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் என்னும் போட்டிக் கன்சோல் இப்பகுதிக்குப் பொருந்துவதில்லை. 2020 நவம்பரில் 34,990 ரூபாய்க்கு வந்த அது, கையடக்கமானது, குறைந்த மின்சாரமே எடுப்பது, மாதச் சந்தா கட்டி நூற்றுக்கணக்கான கேம்களை ஆட இடமளிப்பது. ஆனால் டிஸ்க் போடும் இடமே அதில் கிடையாது. 512 ஜிபி சேமிப்பில் மூன்று நான்கு பெரிய கேம்கள் ஏறியதும் ஒன்றை அழித்துவிட்டு மற்றொன்றை மறுபடி இறக்கவேண்டும். நல்ல இணைப்புள்ள கோவை வீட்டில் அது கெட்டிக்காரத்தனமான தேர்வு. மறையூரில் அது மாதந்தோறும் சந்தாவையும் பொறுமையையும் தின்னும்.

ஆடும்போது பிளேஸ்டேஷன் 5 ஏறக்குறைய 200 வாட் மின்சாரம் எடுக்கும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 12 யூனிட். யூனிட் 7 ரூபாய் எனக் கொண்டால் 84 ரூபாய்தான். ஆயினும் கேரள மின்வாரியத்தின் கட்டணம், மாதம் 250 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர்விகிதத்தைப் போடுவதால், விளிம்பில் நிற்கும் வீடுகள் பில்லைப் பார்த்துக்கொள்வது நல்லது. பெரிய ஆபத்து இடியிலிருந்து வருகிறது. ஏப்ரல், மே மாதக் கோடைமழையிலும், துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழையிலும் பிற்பகல் தொடங்கி இரவு வரை இடிமின்னல் இறங்கும் நிலப்பரப்பு இது. பதினொரு மணி நேரப் பதிவிறக்கத்துக்காகக் கன்சோலைப் பிளக்கில் விட்டுவைப்பது அந்த நேரத்தில்தான் நிகழ்கிறது. மின்கம்பியோடு, செம்புக் கேபிள் வழி வரும் இணைப்பையும் கழற்றிவிடவேண்டும். மின்தடையில் திடீரென அணைந்தால் அடுத்த முறை கன்சோல் தன் சேமிப்பைச் சோதித்துக்கொண்டுதான் எழும். வீட்டு இன்வெர்ட்டரை யூபிஎஸ் நிலையில் வைத்தால் அந்தத் துண்டிப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

பாலக்காட்டுக் கணவாயின் வெயில் மற்றொரு செய்தி. சோனி இக்கருவிக்கு விதித்துள்ள இயங்குவெப்பம் 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெளியே 40 டிகிரியைத் தொடும் சமவெளியில், கான்கிரீட் கூரைக்குக் கீழுள்ள மாடியறை பிற்பகலில் அந்த வரம்பைச் சாதாரணமாகக் கடந்துவிடும். அந்நேரத்தில் கீழறையில் வைத்து ஆடுவதே தக்கது. மூணாற்றுக் குளிர் இதற்கு ஒரு பொருட்டல்ல, மழைக்கால ஈரம்தான் பொருட்டு.

பழுதானால் என்ன செய்வது என்பதை வாங்கும்போதே கேட்டுவைக்கவேண்டும். ஓராண்டு உத்தரவாதம் இந்திய ரசீதுள்ள கருவிக்கே செல்லும். வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவருவதற்கும், சாம்பல் சந்தை எனப்படும் முறைசாரா இறக்குமதிக்கும் செல்லாது. கூடுதல் திறனுள்ள பிளேஸ்டேஷன் 5 புரோ 2024 நவம்பரில் உலகில் வெளிவந்தபோது, அது பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைக்கு இங்கு அனுமதியில்லாததால் இந்தியாவுக்கு வரவில்லை; அப்படியும் அதை இறக்கி விற்றோர் உண்டு, உத்தரவாதம் மட்டும் உடன் வரவில்லை. நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல்களும் அவ்வாறே முறைசாரா இறக்குமதியாக, உத்தரவாதமின்றி விற்கப்படுபவை.

மெனுவில் தமிழோ மலையாளமோ கிடையாது என்பதையும், இணையவழிப் போட்டிகளுக்கு ‘பிளேஸ்டேஷன் பிளஸ்’ சந்தா தேவை என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். ‘ஈஃபுட்பால்’ போன்ற இலவசக் கேம்களுக்குச் சந்தா வேண்டாம். பந்து விளையாட்டில் ஊறிய வீடுகளுக்கு இது சிறிய ஆறுதல்.

தீர்ப்பு இதுதான். தொலைக்காட்சி ஏற்கெனவே இருந்து, டிஸ்க்குகளைக் கைமாற்றிக்கொள்ள இரண்டு மூன்று நண்பர் வீடுகளும் அமைந்தால், ஓணம் அல்லது தீபாவளிச் சலுகையில் டிஸ்க் பதிப்பை ரசீதோடு வாங்கலாம். 50,000 ரூபாய்க்குக் கீழே வந்தால் தயங்கவேண்டியதில்லை. டிஜிட்டல் பதிப்பை இப்பகுதியில் வாங்குவது பத்தாயிரம் மிச்சப்படுத்தி முப்பதாயிரத்துக்கும் மேல் இழப்பதாகும். வீட்டிலுள்ள பிள்ளை செல்பேசியில் ‘பிஜிஎம்ஐ’ என்னும் கேமை ஆடுவதோடு நிறைவடைகிறது என்றாலோ, தவணை கட்ட மற்றொரு தவணையை நிறுத்தவேண்டியிருக்கிறது என்றாலோ, இந்தக் கன்சோலை வாங்கவேண்டாம்.