கொத்தனாரின் கவனம்

புழல் ஏரிப் பக்கம் செங்கல் லாரிகள் கண்ணில் படாமல் இருப்பது அபூர்வம். வீடு எழும்பியதும் செங்கல்லின் சிவப்பு, சிமென்ட் பூச்சுக்குள் மறைந்துவிடும். ஒரு கல்லை நின்று பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. அப்படி நின்று பார்க்க வைத்தவர் கட்டடக் கலைஞர் அனுபமா குண்டூ. புணேயில் பிறந்து, 1990இல் ஆரோவிலுக்கு வந்தவர். 2000இல் அங்கே தனக்கென்று அவர் கட்டி முடித்த 'வால் ஹவுஸ்' வீட்டின் சுவர்களெல்லாம் நம்மூர் அச்சுக்கல்.

அச்சுக்கல் மெல்லியது, பட்டையானது. அச்சில் கையால் மண் அறைந்து, வெயிலில் காயவைத்து, சூளையில் சுட்டெடுப்பது. ஒன்று கருஞ்சிவப்பாக இருக்கும், அடுத்தது இளஞ்சிவப்பாக. ஓரத்தில் விரல் பட்ட தடம்கூடத் தெரியும். நன்றாக வெந்த கல்லைத் தட்டினால் கணீரென்கிறது. கொத்தனார் கரணையால் சுண்ணாம்புச் சாந்தை இழுத்துப் பரப்பி, கல்லை வைத்து, கரணைப் பிடியால் மெல்ல ஒரு தட்டு தட்டி, நூல் மட்டம் பார்க்கிறார். மெல்லிய கல் என்பதால் வரிசைகள் அதிகம், நேரமும் அதிகம். அந்த நெருக்கமான வரிகள்தான் சுவருக்குக் கைத்தறித் துணியின் நயத்தைத் தருகின்றன. வீட்டின் மேலே, சுட்ட மண்குழாய்களைக் கோத்து வளைத்த கூரை, உச்சி வெயிலிலும் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. 2012 வெனிஸ் கட்டடக் கலைக் கண்காட்சியில் இந்த வீட்டை முழு அளவில் மீண்டும் எழுப்பியபோது, இந்தியக் கைவினைஞர்களும் மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். பூச்சில்லாத சுவரில் எதையும் ஒளிக்க முடியாது. கொத்தனாரின் கவனம் முழுவதும் வெளியே தெரியும். அந்த வீட்டின் அழகில் பெரும்பங்கு அதுதான்.