தூங்குமூஞ்சியும் மாராவும்

சென்னையில் தூங்குமூஞ்சி மரம் என்றும் கொழும்பில் மாரா மரம் என்றும் சொல்வது ஒரே மரத்தைத்தான். நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும் அதன் தாய்மண். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் தாவரத் தோட்டங்கள் வழியாக இரு நாடுகளுக்கும் வந்து சேர்ந்தது. நம் வாகைக்கு நெருங்கிய உறவு. பொழுது சாயும்போதும் மழை மூட்டம் கவியும்போதும் இலைகள் கூம்பிவிடும். காம்பின் அடியில் உள்ள சிறு முடிச்சில் நீர் ஏறி இறங்குவதால் நடப்பது அது. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டுநூல் குஞ்சம்போல நாம் பார்ப்பது இதழ்களை அல்ல, மகரந்தத் தாள்களை. வாகை, தூங்குமூஞ்சி, நர்சரிகளில் விற்கும் சிவப்புப் பவுடர் பஃப் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே அழகுதான்.

மரம் ஒன்று, ஆனால் அதை வளர்க்கும் விதம் இரு கரைகளிலும் ஒன்றல்ல. கொழும்பில் கறுவாத்தோட்டப் பகுதியில், பௌத்தாலோக மாவத்தையில், விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி நடந்தவர்களுக்குத் தெரியும்: சாலையின் இருபுறத்து மாராக்களும் நடுவில் கிளை கோத்துக் கூரை கட்டியிருக்கும். பெரிய வளவுகளும் சாலையோரப் புல்தரையும் வைத்து வகுத்த பகுதி அது. வேருக்கு மண் கிடைத்தது, கிளைக்கு வானம் கிடைத்தது. அதோடு கொழும்புக்கு ஆண்டில் இரண்டு பருவ மழை. இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் காலமே அங்கே மரத்துக்குக் குறைவு.

சென்னையில் அதே மரம் வேறு வாழ்க்கை வாழ்கிறது. மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும்; அதன்பின் மாதக்கணக்கில் வறட்சி. மாசி, பங்குனியில் இலை உதிர்த்துப் பிறகு தளிர்ப்பது மரத்தின் இயல்பு, அதில் குறை ஒன்றுமில்லை. குறை நாம் செய்வதில் இருக்கிறது. நடைபாதைக்குச் சிமென்ட் போடும்போது அடிமரத்தைத் தொட்டுப் போடுகிறோம். மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேரை முழுதாக வெட்டுகிறோம். மின்கம்பிக்கு இடையூறு என்று அதே பக்கத்துக் கிளைகளையும் கழிக்கிறோம். எஞ்சிய மரம் ஒருபக்கம் சாய்ந்த பாரமாக நிற்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது சென்னையில் சாய்ந்த மரங்களில் தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் நிறைய இருந்தன. வேர் ஆழம் போகாத வெளிநாட்டு மரம் என்று பழி போட்டோம். வேர் மேலோட்டமானது என்பது உண்மைதான். அந்த மேல்வேருக்கும் இடம் விடாமல் சிமென்ட் பூசியவர்கள் நாம் என்பதும் உண்மை.

கொழும்பிலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அங்கே பிரச்சினை முதுமை. ஆங்கிலேயர் காலத்தில் நட்ட மரங்களுக்கு வயது ஏறிவிட்டது. சாலைகள் அகலமாகின்றன, கட்டடங்கள் நெருங்குகின்றன. 2023 அக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் ஓடும் பேருந்தின் மேல் பெருமரம் ஒன்று விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பின் நகரத்தின் பழைய மரங்களையெல்லாம் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அச்சத்தில் மொட்டையடிப்பது மருந்தாகாது. தலையை வெட்டிய இடத்தில் துளிர்க்கும் புதுக்கிளைகள் பழைய கிளைபோல மரத்தின் உள்ளிருந்து வேரூன்றி வருவதில்லை, பட்டையை ஒட்டியே கிளம்புகின்றன. சில ஆண்டில் கனத்து, காற்றில் அவையே முதலில் முறியும். உள்ளே உளுத்த மரத்தைக் கண்டறிந்து அகற்றி, அருகில் முன்கூட்டியே இளமரம் ஒன்றை வளர்த்து வைப்பதுதான் வழி. இரண்டு நகரங்களும் இதில் பின்தங்கியே இருக்கின்றன.

இந்தியாவில் முன்யோசனையோடு நட்ட நகரம் என்றால் பெங்களூரைச் சொல்ல வேண்டும். லால்பாக் தோட்டத்தின் பொறுப்பில் 1908 முதல் இருந்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு சாலை பூத்து ஓய்ந்தால் அடுத்த சாலை பூக்கும்படி மரங்களைத் தேர்ந்தெடுத்து நடச் செய்தார். அந்த வரிசையில் தூங்குமூஞ்சிக்கும் இடம் இருந்தது. மும்பையிலோ மாவுப்பூச்சி தாக்கி ஏராளமான தூங்குமூஞ்சி மரங்கள் பட்டுப்போயின. ஒரே இனத்தைத் தெருத்தெருவாக நட்டால் ஒரே நோய் எல்லாவற்றையும் கொண்டுபோகும்.

சொந்த வாகையை எடுத்துக்கொண்டால் ஒப்பீடு வேறு மாதிரி ஆகிறது. இலங்கை என்று ஒன்றாகப் பேசுவதே அப்போது தவறு. கொழும்பின் மழை கொச்சியின் மழைக்கு உறவு; யாழ்ப்பாணமும் வன்னியும் மன்னாரும் நாகப்பட்டினம், இராமநாதபுரத்தோடு ஒரே வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழ்பவை. வாகை இந்த வறண்ட நிலத்தின் மரம். சங்கப் புலவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது; காற்றில் வாகை நெற்று ஒலிப்பது குறுந்தொகையின் ஏழாம் பாட்டிலேயே வருகிறது. வெற்றி வாகை சூடுவதை இன்றும் பேச்சில் வைத்திருக்கிறோம், மரத்தைத்தான் வீட்டுக்குள் விடவில்லை. தமிழ்நாட்டில் அது வரப்போரமும் நெடுஞ்சாலையோரமும் நிற்கிறது. தழை உரத்துக்கும் ஆட்டுக்கும் போகிறது. யாழ்ப்பாணத்து வளவில் வேம்பும் மாவும் பலாவும் முருங்கையும் இருக்கும், வாகை அநேகமாக இராது. அழகு மரம் வேண்டுமென்றால் இரு கரையிலும் தேடுவது வெளிநாட்டுச் செடியைத்தான்.

வாகையின் மேல் சொல்லும் குறைகள் எனக்குத் தெரியும். கோடைத் தொடக்கத்தில் இலையின்றி வைக்கோல் நிற நெற்றுகளோடு நிற்கும், நெற்று சலசலக்கும், அதன் வேரும் பக்கவாட்டில் ஓடுவதால் புயலுக்கு அதுவும் விதிவிலக்கல்ல. ஆனால் பங்குனி, சித்திரையில் அந்த மரம் பூக்கும்போது மாலை நேர மணத்துக்கு ஈடாக நர்சரியில் நாம் காசு கொடுத்து வாங்கும் எதுவும் இல்லை. தூங்குமூஞ்சி முப்பது மீட்டர் வரை குடை விரிக்கும். ஒரு கிரவுண்டு மனையில் அதை வைப்பது மரத்துக்கும் வீட்டுக்கும் செய்யும் தீங்கு. வாகை அதைவிடச் சிறியது, பள்ளி வளாகத்துக்கும் கோயில் வெளிக்கும் குளக்கரைக்கும் பொருத்தமானது. சின்ன வீட்டுக்குப் பவுடர் பஃப் போதும். வேலியாகவும் கத்தரிக்கலாம், இரு நாட்டு மண்ணிலும் சிரமமின்றி வரும்.

உலகத் தோட்டக்காரர்கள் பட்டுமரம் என்று கொண்டாடுவது ஈரான் முதல் ஜப்பான் வரை வளரும் இன்னொரு வாகை. இந்தியாவில் காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட் மலைப்பகுதிகளில் அதைப் பார்க்கலாம். அதற்குக் குளிர்காலம் வேண்டும். படத்தில் பார்த்து ஆசைப்பட்டு விதை வாங்கி மதுரையிலோ வவுனியாவிலோ போடுவது வீண்.

தேயிலைத் தோட்டங்கள் வாகைக் குடும்பத்தை அழகுக்காக அல்ல, நிழலுக்காகக் கொண்டுவந்தன. அசாமில் கருவாகையும் பிற வாகை இனங்களும் தேயிலைக்கு மேல் நிழல் விரிக்கின்றன. இலங்கை மலையகத்தில் அல்பீசியா என்ற பெயரிலேயே வழங்கும் மொலுக்காஸ் தீவுகளின் உயர்ந்த மரம் நின்றது. மிக வேகமாக வளரும், மிக எளிதில் கிளை முறியும். தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளின் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது.

தெருவோரச் சிமென்டுக்குத் திரும்புவோம். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்டை அகற்ற வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. உங்கள் தெரு மரத்துக்கும் அந்த ஒரு மீட்டரைக் கேளுங்கள், உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுங்கள். புதிதாக நடுவதும் எளிது: மாசி, பங்குனியில் வாகை நெற்று மரத்தடியிலேயே கிடக்கும். விதையின் தோல் கடினமானது; கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, ஓர் இரவு ஊறவிட்டுப் பையில் ஊன்றினால் முளைக்கும். ஐப்பசி மழைக்கு முன் கன்று தயாராகிவிடும். தஞ்சையில் இருந்தாலும் கிளிநொச்சியில் இருந்தாலும் இந்த ஆண்டு ஒரு வாகை நடுங்கள்.