உள்ளே சுழல்வது

மகாராஜபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போது வடபத்ரசாயி கோபுரம் வானத்தில் இழுத்த சாய்கோடாகத் தெரியும். அடியில் நின்று அண்ணாந்தால்தான் அது பதினொரு நிலை, மேலே போகப்போக ஒடுங்கும் படிகள் என்பது புரியும். படிகளை அடுக்கிக் கோட்டை வழவழப்பாக்கும் இந்த வித்தையை மின்சாரத்திலும் செய்கிறார்கள்.

2021 பிப்ரவரி 19 அன்று திறக்கப்பட்ட புகளூர்–திருச்சூர் மின்தடம் 320 கிலோவோல்ட் நேர்மின்சாரத்தில் 2,000 மெகாவாட் கடத்துவது. இதன் இரு முனைகளிலும் நின்று நேர்மின்சாரத்தையும் அலையாக ஓடும் மாறுமின்சாரத்தையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கன்வெர்ட்டர்கள், ஜெர்மானியப் பேராசிரியர் ரைனர் மார்க்வார்ட் வகுத்த பல்படி அமைப்பைச் சேர்ந்தவை. ஒரு ஃபேஸுக்கு இரண்டு கைகள், கைக்கு நூற்றுக்கணக்கான மாட்யூல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கெபாசிட்டர். அதை வரிசையில் சேர்க்கவும் விலக்கவும் இரண்டு சுவிட்சுகள். ஒரு மாட்யூல் சேர்ந்தால் மின்னழுத்தம் ஒரு படி ஏறும், விலகினால் ஒரு படி இறங்கும். படிகள் பெருகப் பெருக அலை வழவழக்கும்.

பலர் இந்த அலையோடு ரசனையை முடித்துக்கொள்வார்கள். எனக்கு அதன்பிறகுதான் கச்சேரியே களைகட்டும்.

மின்னோட்டத்தை நேரே கைவைத்துப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு கையிலும் வரிசையாக உள்ள ரியாக்டர் சுருளின் இரு பக்க அழுத்தத்தை ஒரு மயிரிழை மாற்றித்தான் அதைத் திருப்ப வேண்டும். ஆனால் அது நொடிக்கு 50 முறை ஊசலாடுகிறதே! குடைராட்டினத்தில் ஏறிவிட்டால், எதிர்க் குதிரையில் இருக்கும் பிள்ளை அசையாமல் தெரியும் அல்லவா? கணக்கிலும் அலையோடு சேர்ந்து சுழலும் ராட்டினத்தில் ஏறிக்கொள்கிறார்கள். ஊசல் நின்று வெறும் எண் ஆகிறது. எண்ணைத் திருத்துவது எளிது.

கெபாசிட்டர்களைச் சமமாக நிறைத்து வைக்கும் பங்கீடு கம்மாய்த் தண்ணீர் போலத்தான். மின்சாரம் உள்ளே வரும்போது காய்ந்த வயலுக்கு முதல் மடை. வெளியே எடுக்கும்போது நிறைந்ததிலிருந்து முதலில் இறைப்பு.

அப்படியும் கெபாசிட்டர் அழுத்தம் சற்றே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தால் மூன்று ஃபேஸ்களும் உள்ளுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கத் தொடங்கும். நொடிக்கு 100 முறை ஆடும் சுழல் மின்னோட்டம் இது. மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். அதனால் வெளியே தலைகாட்டாது. ஆனால் சுவிட்சுகளைச் சூடேற்றி மின்சாரத்தைத் தின்னும். இதை அடக்க இன்னொரு ராட்டினம் வேண்டும். அது இரட்டை வேகத்தில், எதிர்த்திசையில் சுழல்வது. அதில் ஏறி நின்றதும் இந்தச் சுழலும் எண்ணாகிவிடுகிறது. அந்த எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

கணினி மாதிரியில் இதைப் பார்க்க வேண்டும். அடக்கியை இயக்குமுன் கையில் ஓடும் மின்னோட்டம் கோணல்மாணலாகப் புடைத்திருக்கும். இயக்கியதும் சில சுற்றுகளில் புடைப்பு வடிந்து ஒழுங்காகும். அந்த நேரத்தில் வெளியே போகும் அலையையும் பாருங்கள்: முன்பு எப்படி ஓடியதோ அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.