சதுரகிரித் தைலக் கிணறும் இரசவாதக் கதைகளில் எஞ்சிய பொருளும்

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களுக்கு மேற்கே நீளும் மலைத்தொடரில், வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை வழியாக ஏறிச் சேரும் தலம் சதுரகிரி. இந்திரகிரி, ஏமகிரி, வருணகிரி, குபேரகிரி என நான்கு மலைகள் சதுரமாகச் சூழ்தலின் இப்பெயர் பெற்றது என்பர். பொன்னுக்கு இறைவனாகிய குபேரன் பெயரால் ஒரு மலை அங்கு நிற்றல், ஈண்டு ஆராயப் புகுந்த பொருளுக்கு ஒத்ததேயாம்.

அத்தலத்தைப் பற்றி வழங்கும் கதைகளுள் தைலக் கிணற்றின் கதை ஒன்று. வாமதேவன் என்னும் வணிகன் சிவாலயம் எடுக்கத் தொடங்கிப் பொருள் முட்டுப்பட்டு நின்றான். போகருக்குக் குரு எனப் போற்றப்பெறும் காலாங்கிநாதர் அவனது உள்ளத்தின் தூய்மையை அறிந்து, உதகநீரும் மூலிகைகளும் கூட்டி ஒரு தைலம் வடித்தார். அது தாழ்ந்த உலோகங்களைப் பொன்னாக்கிற்று. கோயில் முடிந்தது. எஞ்சிய தைலத்தைக் கிணறொன்றில் இட்டுப் பாறையால் மூடி, கருப்பு முதலிய தெய்வங்களைக் காவல் வைத்தார் சித்தர். கதை இவ்வளவே.

இத்தகைய கதைகளை ஆராய்வோர் இருதிறத்தர். ஒரு சாரார் இவற்றை மறைந்துபோன வேதிநூலின் சிதைவு எனக் கொள்வர். அவர் கூற்றுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சித்த மருத்துவம் பாடாணங்களை 64 எனக் கணக்கிட்டு, பிறவி 32, வைப்பு 32 எனப் பகுத்த நுட்பம் கைப்பழக்கத்தால் வந்ததேயன்றிக் கற்பனையால் வந்ததன்று. பாதரசம் பொன்னைத் தன்னுட் கரைத்துக்கொள்ளும். அக்கலவையைச் செப்பின்மேற் பூசிச் சூடேற்றினால் இரசம் ஆவியாய் நீங்கப் பொன் மட்டும் செப்பிற் படிந்து நிற்கும். அதனைக் கண்டவன் செம்பு பொன்னாயிற்று என்று கூறியிருத்தல் கூடும். உதகநீர் தன்னுள் வீழ்ந்த இலையைக் கல்லாக்கும் என்பதும் அத்தகையதே. சுண்ணம் மிக்க ஊற்றுநீர் அச்செயலைச் செய்யும்.

மற்றொரு சாரார் எல்லாவற்றையும் பரிபாடை என்பர். திருமந்திரம் பரிசனவேதியைக் குருவின் அருளுக்கு உவமையாக்கியிருத்தல் அவர்க்குத் துணை.

இவ்விருவரும் பொருளைப் பற்றியே வினவினர்; கதையைப் பற்றி வினவவில்லை என்பது எம் கருத்து. தைலம் எதனால் ஆயது என்பது ஒரு வினா. அதனை ஏன் மூடவேண்டும் என்பது வேறு வினா. இலக்கிய மாணவனுக்கு உரியது பின்னதே.

இதனைத் தெளிதற்கு அண்டை நாட்டுக் கதைகளோடு ஒப்பிடுதல் வேண்டும். பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களுள் 36ஆவது, இரசவாதம் செய்த படலம். திருப்பூவணத்துப் பொன்னனையாள் இறைவன் திருவுருவை வார்ப்பிக்கப் பொன்னின்றி வருந்த, இறைவனே சித்தராய் வந்து அவள் வீட்டுக் கலங்களைப் பொன்னாக்கும் வழி காட்டி மறைந்தான். இங்கு எஞ்சிய பொருள் என ஒன்று இல்லை. வந்தவனோடு வித்தையும் போயிற்று. இனித் திருவில்லிபுத்தூரில் வழங்கும் வைணவ மரபைக் காண்க. பெரியாழ்வார் பாண்டியன் வல்லபதேவன் அவையில் பரத்துவம் நாட்டிப் பொற்கிழி பெற்றார். அப்பொன்னைக் கொண்டே அவ்வூர்க் கோபுரப்பணி செய்தார் என்பர். இன்று 11 நிலைகளோடு 192 அடி உயர்ந்து நிற்கும் கோபுரத்தைக் காட்டி ஊரார் கூறும் செய்தி அது. கிழியிலுள்ள பொன் அளவுடையது. கோயிலிற் செலவழிந்தது; கதையும் முடிந்தது.

மூன்று கதைகளிலும் பொன் வேண்டப்படுவது இறைபணிக்கே. எனினும் சதுரகிரிக் கதையில் மட்டுமே பொன் முடிந்த பின்னும் பொன்னாக்கும் பொருள் முடியவில்லை. கோயில் அளவுடையது, தைலம் அளவற்றது. இந்த முரணைக் கதை சொன்னவர் உணர்ந்தார். ஆகலின் மூடியும் காவலும் வேண்டப்பட்டன.

இதற்கு மறுதலையாக ஒன்று இராசபாளையத்தில் உண்டு. அவ்வூரை ஒட்டிய சிறு குன்றுக்குச் சஞ்சீவி மலை என்று பெயர். அனுமன் கொணர்ந்த மலையின் சிதறல் என்பது பெயரின் குறிப்பு. அதுவும் ஓர் எச்சமே. ஆயினும் அதற்கு மூடி இல்லை. உயிர் தருவது எஞ்சினால் ஊருக்கு நன்று என எண்ணிய அதே நாட்டார், பொன் தருவது எஞ்சினால் பாறை வைத்தனர்!

தாயுமானவர் இவ்வச்சத்தை வெளிப்படையாகவே கூறியவர். குபேரனுக்கு நிகரான பொன் குவித்தோரும் இரசவாதத்தை நாடி அலைவர் என அவர் இரங்குதல் கற்றோர் அறிந்ததே. பிறிதோர் இடத்தில், உலோகங்களை வேதித்து விற்று உண்ணுதலை எளிய செயல்களின் வரிசையில் வைத்துச் சிந்தையை அடக்குதலே அரிது என்றார். அவர் அறிவுரையாகப் பாடியதனைச் சதுரகிரிக் கதை ஒரு கிணறாகச் செய்து காட்டுகிறது. கதையின் வலிமை மிகுதி என்றே கூறுவேம். அறிவுரை கேட்டவன் அதனை மறுத்து வாதிடலாம். மூடிய கிணற்றோடு வாதிடல் இயலாது.

ஓர் ஐயம் உண்டு. காலாங்கிநாதர் சித்தர் மரபினர். கருப்போ ஊர்க் காவல் தெய்வம். ஒரே கதையில் இவ்விரு மரபும் கூடியிருத்தலின், பொன் செய்த பகுதி சித்தர் வழிவந்ததாகவும், மூடிக் காவல் வைத்த பகுதி அடிவாரத்து மக்கள் பின்னர்ச் சேர்த்ததாகவும் இருக்கலாம். அங்ஙனமாயின் இக்கதையின் சிறந்த பகுதி ஏட்டறிந்தோர் செய்ததன்று. மலையடிவாரத்து ஊர்களிலும் பளியர் குடியிருப்புகளிலும் வழங்கும் வடிவங்களைத் திரட்டி, அவற்றுள் எவற்றில் காவல் தெய்வங்கள் வருகின்றன, எவற்றில் வரவில்லை என்பதை முதுகலை மாணவர் ஒருவர் எடுத்து ஆராய்தல் வேண்டும்.