ராமனின் கண்ணும் பார்னின் கணக்கும்

ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த சி.வி. ராமனைப் பற்றி நாம் சொல்லும் கதை எளிமையானது: சில நூறு ரூபாய்க் கருவி, கூர்மையான கண், நோபல் பரிசு. இதில் பொய்யில்லை, ஆனால் கணிதம் விடுபட்டுப்போகிறது. அதனால் அவருடைய வெற்றியும் சறுக்கலும் நமக்கு விளங்காமலே போகின்றன.

வானத்தின் நீலத்தைத்தான் கடல் பிரதிபலிக்கிறது என்று இயற்பியலாளர் ரேலி சொன்னதை, 1921-ல் கப்பலில் ஊர் திரும்புகையில் ராமன் சோதித்தார். நிக்கோல் பட்டகத்தால் மேற்பரப்பின் பிரதிபலிப்பை நீக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, மேலும் துலங்கியது. அதோடு விட்டிருந்தால் அது நல்ல அவதானிப்பு, அவ்வளவே. நீரின் அடர்த்தி நுண்ணளவில் ஓயாமல் ஏறி இறங்குவதால் ஒளி சிதறும் என்பதற்கு ஸ்மோலுகோவ்ஸ்கியும் ஐன்ஸ்டீனும் வகுத்த கணக்கை அவர் கையில் எடுத்தார். நீலத்துக்குக் காரணம் கிடைத்தது அங்கேதான்.

1928-ல் நிலைமை வேறு. சிதறும் ஒளியின் அலைநீளம் மாறலாம் என்று 1923-லேயே ஸ்மேகல் கணித்திருந்தார். 1925-ல் கிராமர்ஸும் ஹைசன்பர்க்கும் சூத்திரமே தந்துவிட்டனர். ஆனாலும் கல்கத்தாவில் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்ணால் கண்டு காட்டும்வரை அது தாளில் இருந்த சாத்தியம் மட்டுமே. இந்தப் பெருமை ஆய்வகத்துக்கு உரியது. அதற்காக ராமனைக் கணிதம் அறியாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. மீயொலி அலைகள் ஒளியில் விளிம்பு விளைவை உண்டாக்கும் விதத்துக்கு நாகேந்திர நாத்துடன் 1935-36-ல் அவர் அளித்த கோட்பாடு பெசல் சார்புகளில் எழுதப்பட்டது, இன்றும் பயன்படுகிறது.

சறுக்கல் படிகங்களில் நேர்ந்தது. படிகத்தில் அதிரும் அணுக்களின் அதிர்வெண்கள் தொடர்ச்சியாகப் பரவியிருக்கும் என்றது மாக்ஸ் பார்னின் கணிதம். குறிப்பிட்ட சில அதிர்வெண்கள் மட்டுமே உண்டு என்று 1940-களில் ராமன் வாதாடினார். வைரத்தின் நிறமாலையில் கூரிய கோடுகள் தெரிந்தன. அவற்றை நம்பினார், பார்ன் தன் கணக்கில் படிகத்தின் விளிம்புகளுக்கு வைத்த எல்லை நிபந்தனைகளை வெறும் கற்பனை என்று ஒதுக்கினார். அந்தக் கூரிய கோடுகள் எப்படி வந்தன என்ற புதிரை 1953-ல் இயற்பியலாளர் வான் ஹோவ் அவிழ்த்தார்: தொடர்ச்சியான பரவலிலும் சில இடங்களில் அதிர்வெண்கள் நெருங்கிக் குவிந்தே தீரும் என்று கணிதமே காட்டியது. பின்னர் நியூட்ரான் சோதனைகளும் பார்ன் பக்கமே நின்றன.

ராமன் கண்ட கோடுகள் மெய். அவற்றுக்கு அவர் சொன்ன விதி தவறு. இந்த வழக்கில் பார்ன் சொன்னதே சரி.