தாழியும் பூச்சாடியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளின் வாசலிலே மங்கல நாள்களில் நிறைகுடம் வைக்கப்படுகின்றது. குடத்தின் வாய் சற்று அகன்றால் தேங்காய் உள்ளே அமிழ்ந்துவிடும். ஒடுங்கினாலோ மாவிலைகளுக்கு இடமிராது. கண்ணுக்கினிய அவ்வளவு, பயன்பாட்டினால் வரையறை பெற்ற அளவுமாகும்.

பண்டைக் கலங்களைத் தழுவி இக்காலப் பூச்சாடிகளை அமைப்போர் பலர் இதனைக் கருத்திற் கொள்வதில்லை. அவர்கள் எடுத்துக்கொள்வது கலத்தின் புறக்கோட்டினை மாத்திரமே. மரபான மட்குடத்தின் அடி உருண்டையானது. பலகையாலும் உட்கல்லாலும் தட்டி உருவாக்கப்படுவது. அடுப்பிலும் மணலிலும் வைக்கோற் புரிமணையிலும் அமர்வது. மேசைக்கென அடியைத் தட்டையாக்கியதும் வயிற்றின் வளைவு பொருளிழந்து போகின்றது. அச்சில் வார்க்கப்படும் சாடியிலோ தட்டிய கையின் சுவடுமில்லை. கறுப்புச் சிவப்பு மட்கலத்துக்கு நேர்ந்ததும் இதுவே. காற்றுப்படாத உட்புறம் கறுக்க, காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவக்கச் சூளையே தந்த நிறங்களை இன்று தூரிகை பூசுகின்றது.

இவ்விடத்து நைஜீரியக் குயப்பெண் லாடி குவாலியின் ஆக்கங்கள் நோக்கற்பாலன. மைக்கேல் கார்டியூ 1952இல் அபூஜாவில் நிறுவிய மட்கலக் கூடத்தில் 1954இல் இணைந்த அவர், தம் ஊர்த் தண்ணீர்க் குடங்களையே உயர்வெப்பத்திற் சுட்டு மெருகேற்றினார். மெருகேறிய குடத்தில் நீர் கசியாது. கசிந்து ஆவியாகாத நீர் குளிராது. ஆகவே பயன் அங்கும் அற்றுவிட்டது. எனினும் களிமண் திரிகளை அடுக்கி, கலத்தைத் தாமே சுற்றிவந்து வனையும் முறையை அவர் கைவிடவில்லை. பல்லியும் தேளும் கீறப்பட்ட அக்குடங்கள் போலிகளாகத் தோன்றாமைக்குக் காரணம் அதுவே எனலாம்.

தாழியின் நிலை இதனினும் சிக்கலானது. திருகோணமலைக்குத் தெற்கே வெருகலாற்றைக் கடந்தால் வரும் கதிரவெளி, பெருங்கற்கால ஈமச்சின்னங்களால் அறியப்பட்ட இடம். மேற்குக் கரையிலே பொம்பரிப்பில் 1956-57இலும் 1970இலும் நடந்த அகழ்வுகளில் ஈமத்தாழிகள் வெளிப்பட்டன. ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகளும் இருந்தன. புறநானூற்றின் 256ஆம் பாடலில், கணவனை இழந்த பெண்ணொருத்தி, தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகின்றாள். தாழியின் அகலம் மனித உடலையும் துயரையும் கொண்டு அளந்த அகலம்.

அதனை ஒரு சாண் உயரத்துக்குச் சுருக்கி, உல்லாச விடுதியின் வரவேற்பு மேசையில் மலர் செருகி வைப்பதில் குற்றமில்லை என்பாருமுளர். வடிவங்கள் இடம்பெயர்வது இயல்பே. கடல்வழி வந்த கலங்களைக் கண்ட துறைமுக ஊருக்கு இது புதிதன்று. ஆயினும் சுருக்கப்பட்ட தாழியில் எஞ்சுவது யாது? வயிறு இருக்கின்றது, விளிம்பு இருக்கின்றது. எவருக்காக வனையப்பட்டதோ அவரைக் காணவில்லை. தாழியின் பேரளவைக் குறைக்காது, அதன் வெறுமையை வெறுமையாகவே விட்டு, மலரேதுமின்றி நிறுத்தும் துணிவுடைய வனைஞரே அவ்வடிவத்தை உண்மையில் எதிர்கொள்பவராவார். அத்தகைய கலம் மேசையில் அடங்காது, விற்பதும் அரிது.